சிரஸ்தாரின் மான்தோல்

ஹுசூர் சிரஸ்தார் சடகோபாச்சாரியார் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்து வீட்டோடு வந்துவிட்ட மறுநாள் காலையில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. கூடத்தில் இருந்தது இரண்டு ஜீவன். ஒன்று, முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ரங்கநாயகி. இன்னொன்று பூனை. பூனையாவது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

முப்பத்தோரு வருஷம் திருச்சினாப்பள்ளி கலெக்டர் ஆபீசில், அந்தக் கச்சேரிக்கே தலைமை உத்தியோகஸ்தரான அவர் காலடி வாசற்படியில் பட்டதும் நாற்பது குமாஸ்தாக்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த நாற்பது நாற்காலிகளின் கிறீச்சுதான் அவருக்குச் சுப்ரபாதம். அது கேட்காமல் பொழுது விடிந்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். உடம்பு இளைத்தது. வைத்தியர் பித்தம் என்றார்.

நாலாவது மாதம் அவர் ஒரு சபை ஆரம்பித்தார். ஸ்ரீரங்கம் நந்தவன புஷ்ப கைங்கர்ய சபை என்று பெயர். உறையூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதில் விளைகிற பூவையும் துளசியையும் ஆற்றைக் கடந்து கொண்டுவந்து பெருமாளுக்குச் சேர்ப்பது அதன் நோக்கம். சபைக்கு நாற்பத்து மூன்று விதிகள். அத்தனையும் அவரே எழுதியவை. பூவைப் பற்றிய பேச்சு பத்தொன்பதாவது விதியில்தான் வருகிறது. முதல் விதி, தலைவர் பிரவேசிக்கும்போது அங்கத்தினர் அனைவரும் எழுந்திருக்க வேண்டும் என்பது. அங்கத்தினர் பதினோரு பேர். நாற்பதுக்குப் பதினொன்று ஈடாகாது என்றாலும், பட்டினிக்குப் பழையது தேவாமிர்தம்.

அந்தப் பதினோரு பேரில் உபதலைவர் வைத்தமாநிதி அய்யங்கார். கச்சேரியில் சிரஸ்தாருக்குக் கீழே பத்தொன்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். பத்தொன்பது வருஷமும் தினம் நாலு தடவை எழுந்திருந்தவர். இரண்டு முழங்காலிலும் வாயு பிடித்துக்கொண்டது அதனால்தான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பென்ஷன் வாங்கினால் விட்டது தொல்லை என்று இருந்தவரைச் சபை வந்து பிடித்துக்கொண்டது. ஒரு நாளாவது அந்தத் தலைவர் நாற்காலியில் தாம் உட்கார்ந்து, எதிரே சடகோபாச்சாரியார் எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு மோட்சம் தேவைப்படவில்லை.

மாட்டு வண்டியில் வருகிற பூ பாலம் தாண்டுவதற்குள் வாடிவிடுகிறது என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. சிரஸ்தார் உடனே, "மோட்டார் வாங்கிப்பிடலாம்," என்றார்.

வைத்தமாநிதி மெதுவாக எழுந்திருந்தார். "வாங்கலாம். ஆனா சபையோட கஜானாவுக்கு மோட்டார்லே ஒரு சக்கரம்தான் வரும்."

"பழசா வாங்கிச் செப்பனிட்டா போறது."

"பழசு ஓடணுமே."

"ஓடும். வைகாசி வளர்பிறை ஏகாதசியன்னிக்குத் தென்னூர்லேர்ந்து பெரிய கோபுர வாசல் வரைக்கும், மாடு இழுக்காமே, மனுஷா தள்ளாமே, தன் சக்தியாலே வந்து சேரும். வரலேன்னா நான் இந்த ஸ்தானத்தை ராஜிநாமா பண்றேன். போட்டுக்கோங்கோ மினிட்ஸ்லே."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே தெரிந்தது. ஆனால் வைத்தமாநிதி ஏற்கெனவே எழுதி மையை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி கிடைத்தது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சாமான்களை ஏலம் போட்டார்கள். பியானோவுக்குப் போட்டி, நாய்க்குப் போட்டி. வண்டிக்கு மட்டும் ஆள் இல்லை. ஐரோப்பாச் சண்டைக்கு முந்தின வண்டி அது. காராகப் பிறந்தது. நடுவயதில் யாரோ அதன் பின்பாதியை அறுத்தெடுத்து, பலகை அடித்து, சாமான் ஏற்றுகிற தொட்டியாக ஆக்கியிருந்தார்கள். முன்னால் பார்த்தால் துரை, பின்னால் பார்த்தால் கட்டை வண்டி. தொட்டியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஏலக்காரர் கோழியையும் சேர்த்தே கொடுத்தார். சிரஸ்தார் ஆசாரத்தை உத்தேசித்துக் கோழியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓடக்கூடிய பாகம் அது ஒன்றுதான் என்று வைத்தமாநிதி பிற்பாடு சொன்னார்.

வண்டியோடு கூடவே துரையின் டிரைவர் ஸ்தனிஸ்லாஸும் வந்தார். பாலக்கரைக்காரர். "இதை வேற யாரும் ஓட்ட முடியாதுங்க சாமி. நானே கெஞ்சித்தான் ஓட்டுவேன்," என்றார். இரண்டு ஜோடி மாடு கட்டி வண்டியைத் தென்னூரில் சேக் மைதீனின் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள்.

சேக் மைதீன் கொட்டகையை விட்டு வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த வைக்கோலை எடுத்து வெளியே போட்டார். பிறகு வண்டியைப் பார்க்காமல் சிரஸ்தாரைப் பார்த்தார்.

"சாமிக்கு வேண்டியவங்க யாராவது இதை வாங்கச் சொன்னாங்களா, வேண்டாதவங்களா?"

"ஏன், என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு தனியா இல்லீங்க. இருக்கிறதைச் சொல்லிடலாம், சீக்கிரம் முடியும். அடிச்சட்டம் இருக்கு. என்ஜின் இருக்கு, உறங்குது. எழுப்பிடலாம். துட்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?"

சபை ஒதுக்கியது நூற்று இருபது ரூபாய். அதில் முப்பது நோட்டீஸ் அச்சடிக்கப் போயிற்று. நோட்டீஸில் "தன் சக்தியால் வந்து சேரும்" என்ற வரி கொட்டை எழுத்தில் இருந்தது. அச்சாபீசுக்கு அந்த வரியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் வைத்தமாநிதி. இன்னொரு நாற்பது, வண்டியின் இரண்டு பக்கமும் "ஸ்ரீ புஷ்பக விமானம்" என்று தங்க ரேக்கில் எழுதப் போயிற்று. எழுத்துக்காரருக்கு எழுத இடமில்லாமல் ஆணி பெயர்ந்து தொங்கின தகரத்தை முதலில் நிமிர்த்த வேண்டியிருந்தது. மீதி ஐம்பதைச் சிரஸ்தார், "இதுலே என்ஜின், சக்கரம், மத்த சில்லறை விஷயமெல்லாம் பாத்துக்கோ," என்று சேக் மைதீன் கையில் கொடுத்தார்.

சேக் மைதீனும் பார்த்துக்கொண்டார். ஐம்பது ரூபாயில் மோட்டார் வண்டியை உயிர்ப்பிப்பது இறந்தவரை எழுப்புவதைவிடக் கொஞ்சம் கஷ்டம். அங்கே செலவாவது கிடையாது. ரேடியேட்டரில் எட்டு இடத்தில் ஒழுகல். ஈயம் ஊற்றினால் துட்டு ஆகும் என்று வெந்தயமும் மஞ்சளும் அரைத்து உள்ளே கொட்டினார். ஒழுகல் நின்றது. வண்டி சூடேறினால் ரசம் கொதிக்கிற வாசனை அடிக்கும், அவ்வளவுதான். விளக்கு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. பகலில்தானே வரப்போகிறது என்று அதற்குப் பூச்சரம் சுற்றச் சொன்னார். ஹாரனில் ரப்பர் பந்து தூள்தூளாகியிருந்தது. புதுப் பந்து நாலு ரூபாய் என்றதும், வைத்தமாநிதி தம் வீட்டு பஜனை மடத்திலிருந்த சேகண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஹாரனுக்குப் பதில் அதைத் தட்டிக்கொண்டே போகலாம், பார்க்க லட்சணமாகவும் இருக்கும் என்றார். அவர் சபைக்குக் கொடுத்த முதல் நன்கொடை அது. சிரஸ்தாருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இருபது நாளில் என்ஜின் எழுந்துவிட்டது. கைப்பிடியைப் போட்டு ஸ்தனிஸ்லாஸ் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே சுழற்ற, சேக் மைதீன் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே பெட்ரோலைச் சொட்டவிட, மூன்று வெடி வெடித்து உறுமியது. சிரஸ்தார் பெருமாளைக் கூப்பிடவில்லை. தாம்தான் காரணம் என்கிற தோரணையில் கைகட்டி நின்றார்.

மறுநாள் வைத்தமாநிதி வண்டியைப் பார்வையிட வந்தார். கையில் சபையின் விதிப் புத்தகம்.

"சேக் மைதீன், என்ஜின் எழுந்துடுத்தாமே. ரொம்ப சந்தோஷம். இந்த ஆசனம் என்னத்தாலே ஆனது?"

"தோலுங்க சாமி. அசல் சீமைத் தோல்."

வைத்தமாநிதி புத்தகத்தைப் பிரித்தார். "விதி முப்பத்தொண்ணு. கைங்கர்ய புஷ்பத்தை எடுத்துண்டு வர எந்த வாகனத்திலேயும் தோல் சம்பந்தம் எள்ளளவும் கூடாது. தலைவர் எழுதினது."

சிரஸ்தாருக்கு மறுக்க வழியில்லை. எழுதும்போது தம்முடைய ஆசாரத்தைக் கண்டு தாமே மெய்சிலிர்த்த விதி அது. ஆசனத்தைப் பிடுங்கினார்கள். டிரைவருக்கு ஒரு மணைப்பலகை போட்டார்கள். பிறகு வைத்தமாநிதியின் பார்வை ஸ்தனிஸ்லாஸின் இடுப்பில் விழுந்தது. துரை கொடுத்த தோல் பெல்ட். அதுவும் போயிற்று. ஸ்தனிஸ்லாஸ் கால்சட்டையை வாழை நாரால் கட்டிக்கொண்டார். "துரைகிட்ட பதினாலு வருஷம் இருந்தேன். ஒரு நாளும் இப்படி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னதில்ல," என்று முணுமுணுத்தார்.

"இன்னும் எங்கேயாவது தோல் உண்டா?" என்றார் வைத்தமாநிதி.

சேக் மைதீன் ஒளித்திருக்கலாம். அவர் தொழிலில் பொய் சொல்கிற வழக்கம் இல்லை, விலையைத் தவிர. "ரெண்டு இடத்துல இருக்குங்க. கிளச்சு ஒண்ணு, பிரேக்கு ஒண்ணு," என்று ஒரு சாமானை எடுத்துக் காட்டினார். கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு இரும்புக் கூம்பு. அதன் மேல் சுற்றிலும் தோல் போர்த்தியிருந்தது. "இது போயி அந்த சக்கரத்துக்குள்ள இறுக்கமா பொருந்தினாத்தான் என்ஜின் வேகம் வண்டிக்குப் போகும். இரும்பும் இரும்பும் பிடிக்காதுங்க. நடுவுல தோல் இருந்தாத்தான் கவ்வும். நிறுத்துறதும் அப்படித்தான். பட்டையில தோல் இருந்தாத்தான் நிக்கும்."

"இருக்கப்படாது," என்றார் வைத்தமாநிதி, சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு.

"உங்க கோயில்ல மிருதங்கம், தவுல் எல்லாம் என்னத்துல சாமி கட்டியிருக்காங்க?"

"அது வாத்யம்."

"இதுவும் சத்தம் போடுதுங்களே."

வைத்தமாநிதி புத்தகத்தை மறுபடி பிரித்தார். விதி முப்பத்தொன்றைச் சிரஸ்தாரிடம் விரலால் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏகாதசிக்கு ஒன்பது நாள் இருந்தது. சிரஸ்தார் தோலுக்கு மாற்று தேடலானார். முதலில் வாழை நார். பின்னி நனைத்துக் கூம்பின் மேல் சுற்றினார்கள். என்ஜின் கர்ஜித்தது, வண்டி அசையவில்லை, நார் மட்டும் உள்ளே வெந்து வாழைத்தண்டுப் பொரியல் வாசனை வந்தது. அடுத்தது, உறையூர்த் தறியில் சொல்லி நெய்வித்த கெட்டி நூல் பட்டை. வண்டி மூன்று முழம் நகர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் புகைந்தது. அதற்கடுத்தது ஒரு அங்கத்தினர் யோசனைப்படி பழைய பட்டு அங்கவஸ்திரம். பட்டு மடி ஆயிற்றே என்றார் அவர். மடிதான், வழுக்கிக்கொண்டே இருந்தது.

"என்னப்பா, என்ஜின் இப்படி ஓடறது, வண்டி இருந்த இடத்தை விட்டு நகர மாட்டேங்கறதே," என்றார் சிரஸ்தார்.

"நிறைய கச்சேரியில அப்படித்தானுங்களே சாமி," என்றார் சேக் மைதீன்.

பிரேக்குக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது. தேங்காய் நார்க் கயிறு. பட்டையில் நெருக்கமாகச் சுற்றினால் மெதுவாகப் போகிற வண்டியை எப்படியோ நிறுத்தும். "சமதரையில நிக்கும். இறக்கத்துல நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்," என்றார் சேக் மைதீன்.

இதற்குள் நோட்டீஸ் திருச்சி, ஸ்ரீரங்கம் முழுக்கப் பரவிவிட்டது. சென்னையிலிருந்து ஒரு திவான் பகதூர் வந்து வண்டியை வரவேற்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். திவான் பகதூருக்குக் காலில் தீராத வாதம். கவர்னர் வந்தபோதுகூட உட்கார்ந்தபடியேதான் கைகுலுக்கினார் என்பது பிரசித்தம். வைத்தமாநிதி ஒரு நாள் கூட்டம் இல்லாத வேளையில் சபைக்குப் போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததாக வாட்ச்மேன் சொன்னான். மெத்தை கொஞ்சம் உயரம் போதவில்லை என்று அவர் அபிப்பிராயப்பட்டாராம்.

ஏகாதசிக்கு முதல் நாள் மத்தியானம் சேக் மைதீன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று சொன்னார்: "சாமி, இனிமே சுத்துறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. தோல் போட விடுங்க, நாளைக்கு வண்டி வரும். இல்லேன்னா மாட்டை அனுப்புங்க."

சிரஸ்தார் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நாளை மறுநாள் கூடத்துக்குள் நுழைவதை அவர் மனசில் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பூனை இந்தத் தடவை கண்ணைக்கூடத் திறக்காது. அதைவிட மோசம், சபைக்குள் வைத்தமாநிதி நுழைவார். இவர் எழுந்திருக்க வேண்டும். விதி ஒன்று.

"தோல் கூடாதுன்னு நானே எழுதியிருக்கேனே," என்றார். அவர் குரலை அவ்வளவு சின்னதாக ரங்கநாயகி கேட்டதில்லை.

அவள் முற்றத்துக் கொடியில் வெயிலுக்குப் போட்டிருந்த ஒன்றை எடுத்து உதறினாள். தூசி பறந்தது. "தோல்னா எல்லாத் தோலும் கூடாதா? ஏன்னா, அப்போ இது என்ன, மரப்பட்டையா? தினம் ரெண்டு வேளையும் இதுமேலே உக்காந்துண்டுதானே ஜபம் பண்றேள்?"

அது ஒரு மான்தோல். சாதாரண மான்தோல் அல்ல. சிரஸ்தாராக இருந்த காலத்தில் ஒரு ஜமீன்தார் தம் கையாலேயே கொடுத்தது. எதற்காகக் கொடுத்தார் என்பதைச் சிரஸ்தார் சொல்வதில்லை. கொடுத்தார் என்பதை மட்டும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். அதைத் தட்டிப் போட்டு, வந்தவர் பார்க்கும்படி உட்கார்ந்து, எதிர்பாராமல் நினைவு வந்தது போல் ஆரம்பிப்பார்.

சேக் மைதீன் உள்ளே எட்டிப் பார்த்தார். தோலின் கனம் எத்தனை, நீளம் எத்தனை என்று அவர் கண்ணே அளந்தது.

சிரஸ்தார் ஊஞ்சலை நிறுத்தினார். முப்பத்தோரு வருஷச் சட்ட மூளை ஓடத் தொடங்கியது. "கிருஷ்ணாஜினம்," என்றார் மெல்ல. "பூணூல் போடறபோது நம்ம ஒவ்வொருத்தன் கழுத்திலேயும் பூணூல்லே கோத்துக் கட்டினது மான்தோல்தான். அது அசுத்தம்னா வைத்தமாநிதிக்கு உபநயனமே ஆகலே. சொல்லட்டும் பாப்போம்." அவர் முகம் மலர்ந்தது. பிறகு மான்தோலைப் பார்த்ததும் வாடியது. "ஆனா ஜமீன்தார் கொடுத்ததாச்சே."

"ஸ்தானம் வேணுமா, ஆசனம் வேணுமா, சொல்லிப்பிடுங்கோ. அவருக்கு நாழியாறது," என்றாள் ரங்கநாயகி.

சேக் மைதீன் தோலை வாங்கி விரலிடுக்கில் நெரித்துப் பார்த்தார். "பதம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மெல்லிசுங்க சாமி. ரெண்டு மடிப்பாப் போடணும். கிளச்சுக்கும் பிரேக்குக்கும் சேர்த்து வராது. ஒண்ணுக்குத்தான் வரும். எதுக்குப் போடட்டும்?"

"ரெண்டுக்கும் என்ன வித்யாசம்?"

"ஒண்ணு கிளப்புறதுக்கு. ஒண்ணு நிறுத்துறதுக்கு."

சிரஸ்தார் உள்ளே போய் நோட்டீஸை எடுத்துவந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"வந்து சேரும்னுதான் போட்டிருக்கு," என்றார். "நிறுத்தறதைப்பத்தி இதிலே ஒரு வார்த்தையும் இல்லே. கிளச்சுக்கே போட்டுடு."

சேக் மைதீன் தோலைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார். "பாலத்து இறக்கத்துல மட்டும் மெதுவா வரச் சொல்லுங்க," என்று ஸ்தனிஸ்லாஸுக்குச் சொல்ல வேண்டியதை இவரிடம் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்தார்.

ஏகாதசி காலை. மான்தோல் விளக்கெண்ணெயில் ஊறிக் கூம்பின் மேல் ஏறியிருந்தது. வைத்தமாநிதி பார்வையிட வந்தார், மோந்து பார்த்தார், விதியைப் பிரித்தார். சிரஸ்தார் அவருடைய பூணூலைச் சுட்டிக்காட்டி இரண்டே வாக்கியம் பேசினார். வைத்தமாநிதி புத்தகத்தை மூடிவிட்டார். ஆனால் கூடவே வண்டியில் வருவேன் என்றார். யாராவது வழியில் தள்ளிவிடுகிறார்களா என்று பார்க்க வேண்டுமே. சேகண்டியையும் தாமே தட்டுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

தொட்டி நிறையப் பூக்கூடை. கூடைகளுக்கு நடுவே சிரஸ்தார். சரிகைத் தலைப்பாகை, கச்சேரிக்குப் போட்டுப்போன கறுப்பு அங்கி. உட்கார இடமில்லாததால் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்பதே கம்பீரம் என்று அவர் நினைத்திருக்கலாம். ஸ்தனிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டு கிளச்சிலிருந்து மெல்லக் காலை எடுத்தார். மான்தோல் கவ்வியது. விமானம் ஒரு துள்ளுத் துள்ளிப் புறப்பட்டது. அடுத்த துள்ளலில் வைத்தமாநிதி ஒரு துளசிக் கூடைக்குள் உட்கார்ந்தார்.

சத்திரம் தாண்டியது. பாலம் ஏறியது. காவேரியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வைத்தமாநிதியின் முகம் பாதிப் பாலத்திலேயே தொங்கிவிட்டது. வண்டி யாரும் தள்ளாமல் தன் சக்தியால் போய்க்கொண்டிருந்தது. அவர் சேகண்டியைத் தட்டுவதைக்கூட மறந்துவிட்டார்.

பாலத்து இறக்கத்தில் ஸ்தனிஸ்லாஸ் பிரேக்கை மிதித்தார். தேங்காய் நார் இறுகியது. உராய்ந்தது. சூடேறியது. அடிப்பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. கொஞ்சம் கழித்து ஏதோ அறுந்த சத்தம் கேட்டது.

"மாதாவே," என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"என்ன, என்னப்பா?"

"நிக்காதுங்க சாமி. நார் போச்சு. ஐயா, மணியைத் தட்டுங்க, சனங்க விலகட்டும்."

வைத்தமாநிதிக்கு உயிர் வந்தது. சேகண்டியைத் தட்டினார். பத்தொன்பது வருஷக் கோபத்தையும் சேர்த்துத் தட்டினார். என்ஜினை அணைக்கலாம் என்று ஸ்தனிஸ்லாஸ் கையை நீட்டினார். அந்தச் சமயத்தில் கால்சட்டையைக் கட்டியிருந்த வாழை நார் அவிழ்ந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை இடுப்பில். மூன்றாவது கை அவருக்கு இல்லை.

கோபுர வாசலுக்கு முன்னால் பந்தல். இருநூறு நாற்காலி, விரிப்பு, நடுவில் திவான் பகதூர் காலை ஒரு முக்காலியில் நீட்டியபடி. அவர்கள் காதில் முதலில் விழுந்தது சேகண்டி ஓசை. அப்புறம் தெரிந்தது புகை. தேங்காய் நார் கருகுகிற வாசனை எங்கே வரும்? சாம்பிராணித் தட்டில்தான் வரும். சேகண்டி, புகை, அதன் நடுவே பூக்கூடைகளோடு எழுந்தருளுகிற ஒரு தங்க எழுத்து வாகனம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இருநூறு பேரும் ஒரே சமயத்தில் எழுந்திருந்தார்கள். கையைத் தலைக்குமேல் கூப்பினார்கள். கண்ணை மூடினார்கள். இருநூறு நாற்காலி பின்னுக்குத் தள்ளப்பட்டுக் கிறீச்சிட்டது. திவான் பகதூர் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு, கவர்னருக்கு எழுந்திருக்காத காலை ஊன்றி, எழுந்தே விட்டார்.

சிரஸ்தார் அதைப் பார்த்தார். அந்த ஓசையைக் கேட்டார். நாற்பது எங்கே, இருநூறு எங்கே. அவர் கண்ணில் நீர் துளித்தது. பிரேக்கை மறந்தார், நாரை மறந்தார். வலது கையை உயர்த்தி, முப்பத்தோரு வருஷம் சொல்லிப் பழகின அந்தச் சொல்லைப் பெருந்தன்மையோடு சொன்னார்:

"உக்காருங்கோ. எல்லாரும் உக்காருங்கோ."

"ஓடுங்க, ஐயோ ஓடுங்க," என்று ஸ்தனிஸ்லாஸ் அலறினார்.

சிரஸ்தாரின் உத்தரவுக்கு முதல் தடவையாக யாரும் கீழ்ப்படியவில்லை. அதனால்தான் எல்லோரும் பிழைத்தார்கள். முதலில் கண் திறந்தது திவான் பகதூர். வாதக்காலோடு அவர் ஓடிய ஓட்டத்தை அப்புறம் அந்தத் தெருவில் யாரும் முறியடிக்கவில்லை. விமானம் பந்தல் காலைச் சாய்த்து, வாழை மரத்தை முறித்து, காலியான நாற்காலிகளை வரிசையாக எண்ணிக்கொண்டே போய், அப்பால் மாடு அவிழ்த்து நிறுத்தியிருந்த ஒரு முசிறி வாழைத்தார் வண்டியில் மெத்தென்று மோதி நின்றது. யாருக்கும் காயமில்லை. பூ எல்லாம் சிரஸ்தார் மேல். வாழைப்பழம் எல்லாம் வைத்தமாநிதி மேல்.

வண்டிக்கார மூக்கன் பக்கத்து மர நிழலில் படுத்திருந்தவன் எழுந்துவந்து பார்த்தான். "தாரு வேணும்னா சொல்லியிருந்தா நானே இறக்கிக் குடுத்திருப்பேனுங்களே," என்றான்.

மறுவாரம் சபை கூடியது. வைத்தமாநிதி காதுக்குள்ளிருந்து கடைசி வாழைப்பழத் துணுக்கை எடுத்துவிட்டுத் தீர்மானத்தை வாசித்தார், தலைவர் விலக வேண்டும் என்று. சிரஸ்தார் நோட்டீஸை மேஜைமேல் வைத்தார். மாடு இழுத்ததா? இல்லை. மனுஷா தள்ளினாளா? இல்லை. தன் சக்தியாலே வந்துதா? வந்தது. உபதலைவரே சாட்சி, கூடையிலே உக்காந்துண்டு வந்தார். தீர்மானம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அந்த ஒன்று எது என்று எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு விதி ஒன்றை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. சிரஸ்தார் தெருமுனையில் தென்பட்டதுமே பதினோரு பேரும் எழுந்துவிடுவார்கள், வைத்தமாநிதி முதலாக. அவர்கள் பார்வை மட்டும் அவர்மேல் இருக்காது. அவருக்குப் பின்னால் ஏதாவது வருகிறதா என்று இருக்கும். சிரஸ்தார் அதைக் கவனித்தாரோ என்னவோ. எழுந்திருக்கிற ஓசை கேட்டால் அவருக்குப் போதும்.

பத்து நாள் கழித்து சேக் மைதீன் மறுபடி வீட்டு வாசலில் வந்து நின்றார். சிரஸ்தார் வெறும் பலகையில் உட்கார்ந்து ஜபத்தை முடித்திருந்தார். ரங்கநாயகி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பூனை வழக்கமான இடத்தில் படுத்திருந்தது.

"மான்தோல் அருமையா கவ்வுதுங்க சாமி. இன்னும் ஆறு மாசம் கவலை இல்ல. பிரேக்குதான் பாக்கி. அதுக்குத் தோல் கூடாதுன்னா, நல்ல கெட்டித் துணியா, நீளமா, சரிகை ஓடினதா ஒண்ணு இருந்தா மேல். சரிகை நல்லா பிடிக்கும்."

"அவ்வளவு நீளத் துணிக்கு எங்கேடாப்பா போறது," என்றார் சிரஸ்தார்.

"ஏன், அந்தத் தலைப்பாகை இருக்கே," என்றாள் ரங்கநாயகி, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். "பதினாறு முழம். கச்சேரியும் இல்லே, ஒண்ணும் இல்லே. பெட்டியிலே சும்மாத்தானே கிடக்கு."

சேக் மைதீனின் கண் உள்ளே, பெட்டிப் பக்கம் போயிற்று. அளக்கிற கண்.

அந்தக் கூடத்தில் முதல் தடவையாக ஒருவர் சடாரென்று எழுந்திருந்தார். எழுந்த வேகத்தில் பலகை புரண்டது. நேரே போய்ப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். பூனை இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தது.